பல் போனால் கண் போகுமா?

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை ஆட்சேபிக்க நாம் வரவில்லை. முன்வரிசைப் பல் இரண்டை இழந்தவர் பேசும்போது சொற்கள் எந்த வழியாக நழுவி ஓடுகின்றன என்பதை நேயர்கள் யாவரும் கேட்டிருப்பார்கள். ஆனால் நம் வீடுகளில் இந்தப் பழமொழிக்கு யாரோ ஒரு பின்னிணைப்பும் சேர்த்துவிட்டார்கள். பல் போனால் சொல்லோடு நிற்பதில்லை, கண்ணும் போய்விடும் என்பதே அது. அதிலும் மேல்வரிசைப் பல்லைத் தொடவே கூடாதாம். தொட்டால் பார்வை மங்கிவிடுமாம். படித்தவர்கள், படியாதவர்கள் என்ற வித்தியாசமின்றி எல்லோருடைய வீட்டிலும் இந்த நம்பிக்கை குடியிருக்கிறது. சில தினங்களுக்கு முன்பு நம்முடைய அத்தையின் உயிருக்கே அது உலை வைக்கப் பார்த்தபடியால், அதைப் பற்றி இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

அத்தைக்கு வயது 71. கும்பகோணத்து வாசி. பல வருஷங்களாக நீரிழிவு உண்டு. வலது பக்கத்து மேல் கோரைப்பல் சொத்தையாகி நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த நான்கு மாதமும் கிராம்புத் தைலம், உப்பு வெந்நீர், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஆகியவற்றைக் கொண்டே அத்தை காலம் தள்ளிவந்தார். பல் வைத்தியரிடம் போகலாம் என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"பிடுங்க வேண்டும் என்பார்கள். பிடுங்கினால் கண் போகும். பல் இல்லாவிட்டால் கஞ்சி குடித்துக்கொள்வேன். கண் இல்லாவிட்டால் எனக்கு ராமாயணம் யாரடா படித்துக் காட்டுவார்கள்? நீயா வந்து படிக்கப் போகிறாய்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாததால் நாமும் வாய் மூடிக்கொண்டிருந்தோம். அத்தையிடம் சாட்சியமும் இருந்தது. அவருடைய தாயாருக்கு, அதாவது நம் பாட்டிக்கு, 60-வது வயதில் மேல்பல் ஒன்றைப் பிடுங்கினார்களாம். இரண்டு வருஷத்துக்குள் கண் மங்கிவிட்டதாம்.

பிறகு ஒரு நாள் காலையில் அத்தையின் கன்னம் வீங்கிவிட்டது. வீக்கம் மூக்கின் ஓரமாக ஏறிக் கண்ணுக்குக் கீழ் வரையில் வந்து நின்றது. ஜுரமும் அடித்தது. அன்றுதான் அவர் தாமே நம்மைக் கூப்பிட்டனுப்பினார்.

பல் வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. அத்தையின் பேத்தி வயதுதான் இருக்கும். முதலில் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தார். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், இருதயக் கோளாறு உண்டா என்றெல்லாம் விசாரித்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார். பிறகு, "பாட்டி, இந்தப் பல்லை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும்" என்றார்.

"கண்?" என்றார் அத்தை.

"கண்ணைக் காப்பாற்றத்தான் எடுக்கச் சொல்கிறேன்" என்றார் வைத்தியர்.

இந்தப் பதில் நம்மையும் திடுக்கிடச் செய்தது. அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறோம்.

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றில் இரண்டாவது ஜோடி பார்வை நரம்பு. விழியின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குச் செல்வது அது. பல்லுக்கும் அதற்கும் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஐந்தாவது ஜோடிக்கு முக்கிளை நரம்பு என்று பெயர். முகத்தின் ஸ்பரிச உணர்ச்சிக்கும் வலிக்கும் அதுவே அதிகாரி. அதன் முதற் கிளை நெற்றிக்கும் கண்ணின் மேற்பரப்புக்கும் போகிறது. கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிறதே, அந்தச் செய்தியைக் கொண்டுபோவது பார்வை நரம்பு அல்ல, இந்தக் கிளைதான். இரண்டாவது கிளை மேல்தாடைக்கும் மேற்பற்களுக்கும் உரியது. மூன்றாவது கிளை கீழ்த்தாடைக்கும், நாக்கின் முன்பகுதிக்கும், கீழ்ப்பற்களுக்கும் உரியது.

இரண்டாவது கிளையில்தான் அத்தையின் நம்பிக்கைக்கு ஆதாரமான ஒரு துளி உண்மை ஒளிந்திருக்கிறது. அந்த நரம்பு கண் குழியின் அடித்தளத்தில் ஒரு சிறு கால்வாய் வழியாக ஓடிவந்து, கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாகக் கன்னத்தில் வெளிப்படுகிறது. ஆகவே கோரைப்பல் நோகும்போது வலி கண்ணடிக்கு ஏறுவதுபோல் தோன்றுகிறது. ஆங்கிலத்திலும் மேல் கோரைப்பல்லுக்குக் 'கண் பல்' என்றே பெயர் வழங்குகிறது. வலி போகும் வழியைப் பார்வை போகும் வழி என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். பாட்டியின் விஷயமோ இன்னும் சுலபமானது. 60 வயதை ஒட்டித்தான் பற்கள் விழுகின்றன. 60 வயதை ஒட்டித்தான் கண்ணில் புரையும் வளர்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் முன்னதன் மேல் பழி விழுகிறது. நரை கண்டவர்களுக்கெல்லாம் பல் விழுகிறது என்பதால் நரைதான் பல்லைத் தள்ளுகிறது என்று நாம் சொல்வதுண்டா?

ஆனால் பல்லால் கண்ணுக்கு ஆபத்து வரவே வராதா என்றால், வரும். பிடுங்குவதால் அல்ல, பிடுங்காமல் விடுவதால் வரும். மேலுதடு, மூக்கு, கன்னம் இவற்றின் இரத்தக் குழாய்கள் கண் குழியின் வழியாகச் சென்று, கண்ணுக்குப் பின்னால் மூளையின் அடியில் இருக்கும் ஓர் இரத்தத் தடாகத்தோடு சேருகின்றன. கோரைப்பல்லின் வேரில் பிடித்த சீழ் அந்த வழியே உள்ளே போய்விட்டால் அங்கே இரத்தம் உறைந்து, கண் பிதுங்கி, பார்வை போகலாம், உயிரும் போகலாம். இது அபூர்வமாகத்தான் நேரும். எனினும் நீரிழிவு உள்ளவர்களுக்கு எந்தச் சீழும் விரைவில் பரவும் என்பதை மறக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடக் கூடும். நான்கு மாதமாக அத்தை கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கண்ணுக்கு ஆபத்தானதையே செய்துவந்திருக்கிறார்.

அத்தை சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "சரி அம்மா, வலிக்காமல் எடுப்பாயா?" என்று கேட்டார். இதுதான் நம் ஜனங்களின் இரண்டாவது பயம். முதல் பயத்தை வெளியில் சொல்வார்கள். இரண்டாவதை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நியாயமான பயம்தான். சந்தையில் நாலு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் குறடால் பல்லை இழுத்த காலம் மிகத் தொலைவில் இல்லை. அந்தக் காலம் மாறிய கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல்லை மரக்கச் செய்யும் மருந்து முதன் முதலில் சோதிக்கப்பட்டது பல்லில் அல்ல, கண்ணில்!

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் கோகா என்னும் செடியின் இலையை நெடுங்காலமாக மென்றுவந்தார்கள். 1860-ஆம் வருஷத்தில் நீமன் என்ற ஜெர்மானிய ரஸாயனி அவ்விலையின் சத்தாகிய கோக்கேனைத் தனியே பிரித்ததைப் பற்றி எழுதினார். அதை நாக்கில் வைத்தால் நாக்கு மரக்கும் என்பது தெரிந்திருந்தும், அதனால் என்ன பிரயோஜனம் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் வைத்தியர் அதைக் கரைத்து முதலில் மிருகங்களின் கண்ணிலும், பிறகு தம் கண்ணிலுமே விட்டு, குண்டூசித் தலையால் விழியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை! அவ்வருஷம் செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர்களின் மகாநாட்டில் இச்செய்தி வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கோலர் அல்ல, அவருடைய நண்பர் ஒருவர். பிரயாணச் செலவுக்குக் கோலரிடம் பணமில்லை.

செய்தி கடல் கடந்து நியூயார்க்குக்குப் போயிற்று. அங்கே ஹால்ஸ்டெட், ஹால் என்ற இரண்டு ரண வைத்தியர்கள் அவ்வருஷத்து முடிவுக்குள்ளேயே ஒரு புது யுக்தியைக் கண்டார்கள். நோகும் இடத்தில் மருந்து தடவுவதைவிட, அவ்விடத்தின் செய்தியைச் சுமந்துவரும் நரம்பை வழியிலேயே மடக்கினால் என்ன என்பதே அந்த யுக்தி. கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் வாயிலுக்கருகில் ஹால்ஸ்டெட் மருந்தைச் செலுத்தினார். அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் யாவும் ஒரே ஊசியில் மரத்துப் போயின. ஊரின் ஒவ்வொரு வீட்டு விளக்கையும் தனித்தனியே அணைக்காமல், மின்சாரம் வரும் கம்பியில் ஒரே இடத்தில் நிறுத்துவது போன்றது இது. இதற்கே நரம்புத் தடை என்று பெயர்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்ததால் ஹால்ஸ்டெட்டும் ஹாலும் கோக்கேனுக்கு அடிமைகளானார்கள். ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் மகா கீர்த்தி பெற்ற ரண வைத்தியரானார்; ஆயினும் லாகிரியின் பிடி அவரை முற்றிலும் விடவில்லை. பழக்கத்துக்கு ஆளாக்காத வேறு மருந்து வேண்டுமென்று பலர் தேடினார்கள். ஜெர்மனியில் ஐன்ஹார்ன் கண்டுபிடித்த புரோக்கேன் 1905-ல் வழக்கத்துக்கு வந்தது. ஜப்பானியராகிய தகமினே 1901-ல் அட்ரினலினைப் பிரித்தெடுத்திருந்தார். அதில் சிறிது கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து போட்ட இடத்திலேயே நெடுநேரம் தங்கும் என்று ஜெர்மானிய வைத்தியர் பிரௌன் காட்டினார். 1943-ல் ஸ்வீடன் தேசத்தில் லோஃப்கிரென் என்பவர் லிக்னோக்கேனை உண்டாக்கினார்; 1948-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டுப் பல் வைத்தியசாலைகளில் பெரும்பாலும் வழங்குவது இந்த லிக்னோக்கேன்தான். 100-க்கு 2 பங்கு லிக்னோக்கேனும், 80,000-க்கு 1 பங்கு அட்ரினலினும் சேர்ந்த கரைசல் அது.

அது என்ன செய்கிறது? நரம்பின் மெல்லிய தோலில் மிக நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றின் வழியாகச் சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் வலியின் செய்தி முன்னேறும். மருந்து அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. பல் நோகிறது, ஆனால் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. சில மணி நேரத்தில் இரத்தம் மருந்தை வாரிக்கொண்டு போனதும் வாயில்கள் திறந்துகொள்கின்றன. நரம்புக்கு இதனால் சேதமில்லை.

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. ஆகையால் சாதாரணமாக மேற்பல்லுக்குப் பக்கத்து ஈறில் மருந்து போட்டாலே எலும்பில் ஊறிப் பல்லின் வேரை எட்டிவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி எலும்பு கெட்டியானது. அங்கே மருந்து ஊறாது. நரம்புத் தடையே கதி. அந்த நரம்பின் வாயில் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆகவே சில சமயம் முதல் ஊசி பலிக்காமல் இரண்டாவது ஊசி தேவைப்படும். இதை வைத்தியரின் திறமைக் குறைவென்று எண்ணிக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாயைத் திறக்கவே முடியாதவர்களுக்கு, மூடிய வாயின் கன்னப்புறமாகவே ஊசியைச் செலுத்தி அந்த நரம்பை மடக்கும் முறையை 1960-ல் வஸிரானி என்பவரும், 1977-ல் அகினோஸி என்பவரும் எழுதினார்கள். வஸிரானி என்பது நம் சிந்திச் சகோதரர்களிடையே வழங்கும் பெயர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது திருப்திதான்.

அத்தையின் பல் மேற்பல்லாயிற்றே, பக்கத்து ஈறில் ஒரு ஊசி போதாதா என்று கேட்டோம். வைத்தியர் தலையசைத்தார். சீழ் பிடித்த இடத்தில் புளிப்புத் தன்மை மிகுதி. அங்கே இந்த மருந்து நரம்புக்குள் சரியாகப் புகாது. மேலும் சீழின் ஊடே ஊசியைச் செலுத்தினால் விஷம் உள்ளே பரவும். அதனால் சீழுக்கு அப்பால் விலகி நின்று, நரம்பை அது வெளிவரும் வாயிலிலேயே தடுக்க வேண்டும். அந்த வாயில் எங்கே இருக்கிறது? கண்ணுக்குக் கீழே!

அத்தையின் கண் குழி விளிம்பில் வைத்தியர் ஒரு விரலை வைத்தார். ஊசி அந்த எல்லையைத் தாண்டி மேலே போகாமல் காவல் காக்கும் விரல் அது. மேலுதட்டைத் தூக்கி, வீக்கத்துக்கு அப்பால் இரண்டு பல் தள்ளி, ஊசியைக் கன்னத்தின் உட்புறமாக மேலே செலுத்தினார். மருந்தை விடுமுன் பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா, அதாவது ஊசி முனை இரத்தக் குழாய்க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு நிதானமாக மருந்தைச் செலுத்தினார். அவசரமாகச் செலுத்தினால்தான் வலி அதிகமாம்.

சில நிமிஷத்தில் அத்தை அலறினார். வலியால் அல்ல. "சொன்னேனே, கேட்டாயா? கண் போயிற்று! கண்ணின் கீழ்ரெப்பை இருக்கிற இடமே தெரியவில்லை!"

வைத்தியர் சிரிக்கவில்லை. அத்தையின் இடது கண்ணைக் கையால் பொத்தி, "பாட்டி, எதிரே சுவரில் காலண்டர் இருக்கிறதே, அதில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்" என்றார்.

மரத்துப்போன பக்கத்து வலது கண்ணால் அத்தை படித்தார். தேதியைப் படித்தார், கிழமையைப் படித்தார், அடியில் சிறிய எழுத்தில் இருந்த ராகு காலத்தையும் எமகண்டத்தையும் படித்தார். பிறகு, "ராகு காலம் முடிந்துவிட்டது. எடு அம்மா" என்று வாயைத் திறந்தார்.

அந்த நரம்பு கீழ்ரெப்பைக்கும், மூக்கின் ஓரத்துக்கும், மேலுதட்டுக்கும் சேர்த்து உணர்ச்சி தருவது. ஆகவே ரெப்பை மரத்தது. பார்வைக்கோ அதில் பங்கே இல்லை. இரண்டும் வேறு வேறு நரம்புகள் என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேல்தாடை ஊசிகளில் மிக அபூர்வமாக மருந்து கண் குழிப் பக்கம் கசிந்து, சிறிது நேரம் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதுண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் பெரும்பாலும் அதுவும் சரியாகிவிடும்.

அண்ணத்தில் இன்னொரு சிறு ஊசி போட்டார்கள். அது வலித்தது என்பதை அத்தையின் கால் உதைத்த உதையிலிருந்து தெரிந்துகொண்டோம். அதன் பிறகு பல் வெளியே வரும் வரையில் ஒரு முனகல்கூட இல்லை. சீழ் வடிந்தது. சில நாளைக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது.

நேயர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. ஊசிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாற்காலியில் மயங்குவோரில் பெரும்பாலோர் மருந்தினால் அல்ல, பயத்தினாலும் பசியினாலும் மயங்குகிறார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், கர்ப்பம், இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை வைத்தியர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பல்லின் மரப்பு சுமார் ஒரு மணி நேரத்தில் தெளிந்தாலும், உதட்டிலும் கன்னத்திலும் 3 முதல் 5 மணி நேரம் வரை இருக்கும். அதுவரையில் சூடான காபி கூடாது. சுடுவது தெரியாமல் வெந்துபோகும். குழந்தைகள் மரத்த உதட்டை வேடிக்கையாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். தாய்மார்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். பல் வலியோடு முகமோ கழுத்தோ வீங்கினாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது.

1920-ஆம் வருஷத்தில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமத் கல்கத்தாவில் நம் தேசத்தின் முதல் பல் வைத்தியக் கல்லூரியைத் துவக்கினார். சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் ஏற்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்லூரிகள் தோன்றி, நம் பெண்களும் பிள்ளைகளும் இந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்து ஊர்தோறும் இருக்கிறார்கள். மருந்து இருக்கிறது, கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாம் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

ஒரு வாரம் கழித்து அத்தையிடமிருந்து டெலிபோன் வந்தது. "எதிர்வீட்டு அலமேலுவுக்கும் மேல்பல் வலிக்கிறதாம். கண் போய்விடும் என்று பயப்படுகிறாள், அசடு. நாளைக்கு நானே அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். அந்த டாக்டர் பெண் எத்தனை மணிக்கு வரும், கேட்டுச் சொல்" என்றார்.

சொல்லில் மட்டும் சிறிது காற்று கலந்திருந்தது. பழமொழி அவ்வளவுக்கு மெய்தான்.